இடைவேளையில் பெரியவர்கள் எங்கே இருந்தார்கள்?

1983-இல் நார்வே நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் ஒரு வினாத்தாள் கொடுக்கப்பட்டது. அதில் பெயர் எழுத வேண்டியதில்லை, அதற்கு மதிப்பெண்ணும் கிடையாது. எது பகடிவதை, எது இல்லை என்று தாளின் தலைப்பிலேயே எளிய மொழியில் விளக்கியிருந்தார்கள். ஒரு பிள்ளையை மற்றவர்கள் கேவலமாகப் பேசுவது, அடிப்பது, மிரட்டுவது, அறைக்குள் வைத்துப் பூட்டுவது, யாருமே பேசாமல் ஒதுக்குவது எல்லாம் வதை. ஏறக்குறைய சமபலமுள்ள இருவர் சண்டை பிடித்தால் அது சண்டைதான், வதையில் சேராது. பிறகு கேள்விகள் வந்தன. இந்தப் பருவத்தில் உனக்கு இப்படி எத்தனை முறை நடந்தது? நீ யாருக்காவது செய்தாயா? ஆசிரியர் தடுத்தாரா? வீட்டில் யாராவது உன்னிடம் இதைப் பற்றிப் பேசினார்களா?

715 பள்ளிகளிலிருந்து ஏறக்குறைய 1,30,000 பிள்ளைகள் பதில் எழுதினார்கள். இரண்டாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை நாட்டில் படித்த பிள்ளைகளில் இது நாலில் ஒரு பங்கு. சுமார் 15 சதவீதம் பேர், அதாவது ஏழு பிள்ளைகளில் ஒருவர், இந்தக் கொடுமையில் ஏதோ ஒரு பக்கம் இருந்தார்கள். 9 சதவீதம் பேர் வதைபட்டவர்கள், 7 சதவீதம் பேர் வதைத்தவர்கள். ஒரு சிறு கூட்டம் இரண்டு பக்கமும் இருந்தது. நாடு முழுமைக்கும் கணக்கிட்டால் 84,000 பிள்ளைகள்.

இந்த எண்ணிக்கையைவிட நெஞ்சைத் தொடுவது இன்னொரு கணக்கு. வதைபட்ட தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் 65 சதவீதம் பேர், வகுப்பாசிரியர் தங்களிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை என்று எழுதியிருந்தார்கள். மேல்வகுப்புகளில் அது 85 சதவீதம். ஒரே கட்டடத்தில், ஒரே மணியோசைக்கு எழுந்து உட்கார்ந்தவர்களுக்கு நடுவில் இவ்வளவு பெரிய மௌனம் இருந்தது. பள்ளிகளில் பகடிவதையைத் தடுக்க மனிதர்கள் செய்த முயற்சியின் வரலாறு, பெருமளவுக்கு அந்த மௌனத்தைக் கலைக்க எடுத்த முயற்சியின் வரலாறுதான்.

அதற்கு முன்பு இதைப் பற்றி யாருக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. தாமஸ் ஹியூஸ் 1857-இல் எழுதிய ‘டாம் பிரவுன்ஸ் ஸ்கூல் டேஸ்’ என்ற நாவல் இங்கிலாந்தின் ரக்பி பள்ளியைக் களமாகக் கொண்டது. பெரிய பையன்கள் சின்னவர்களை ஏவல் செய்ய வைப்பதும் துன்புறுத்துவதும் அதில் விரிவாக வருகின்றன. கதையைப் படித்தவர்கள் பெரும்பாலும் அதைப் பள்ளி வாழ்க்கையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டார்கள். தாங்கிக்கொண்டவன் ஆணாக வளர்வான், தாங்காதவன் பலவீனன் என்பது அக்காலத்து எண்ணம். நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த எண்ணம் அசையவே இல்லை. ஆட்சி செய்பவர்களும் ஆய்வு செய்பவர்களும் இதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அசைவு ஸ்வீடனில் தொடங்கியது. பீட்டர்-பால் ஹைனமான் என்ற மருத்துவர் கறுப்பினச் சிறுவன் ஒருவனைத் தத்தெடுத்து வளர்த்துவந்தார். மற்றப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து அந்தப் பையனை நடத்திய விதத்தைக் கண்ணால் பார்த்தார். 1969-இல் அவர் எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பே ‘அபார்ட்ஹைட்’. தென்னாப்பிரிக்காவின் நிறவெறியைக் கண்டித்துக்கொண்டிருந்த ஸ்வீடன் சமூகத்தைப் பார்த்து, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் முற்றத்தைக் கவனித்தீர்களா என்று கேட்ட கட்டுரை அது. 1972-இல் அதைப் புத்தகமாக விரித்தார். ஆஸ்திரிய விலங்கியலாளர் கோன்ராட் லோரென்ஸின் எழுத்துகளிலிருந்து அவர் ஒரு கருத்தை எடுத்துக்கொண்டார். பகலில் வெளியே அகப்பட்ட ஆந்தையைக் காக்கைகள் திரண்டு விரட்டுவதுபோல, ஒரு கூட்டம் திடீரென்று வெறிகொண்டு தனியாக நிற்கும் ஒருவன்மேல் பாய்கிறது என்றார் ஹைனமான். அவர் பார்வையில் குற்றவாளி கூட்டம். கூட்டம் கலைந்தால் வெறியும் அடங்கிவிடும்.

ஸ்வீடன் நாட்டவரான உளவியலாளர் டான் ஓல்வேயஸ் இதை ஏற்கவில்லை. 1931-இல் கால்மர் நகரில் பிறந்தவர் அவர். 1970 முதல் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். ஸ்டாக்ஹோம் வட்டாரத்துச் சிறுவர்களை அவர் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தார். அங்கே திடீர் வெறி எதையும் அவர் காணவில்லை. ஒரே பையன்தான் மறுபடியும் மறுபடியும் வதைபட்டான். வதைத்தவர்களும் பெரும்பாலும் அதே இரண்டு மூன்று பேர். ஆண்டு மாறியும், வகுப்பாசிரியர் மாறியும், நிலைமை மாறவில்லை. தானாக அடங்கும் கூட்ட வெறியாக இருந்திருந்தால் அது இத்தனை ஆண்டுகள் நீடித்திருக்காது. திரும்பத் திரும்ப நடப்பது, வேண்டுமென்றே செய்வது, இருவருக்கும் இடையே பலம் சமமாக இல்லாதது ஆகிய மூன்றையும் சேர்த்து அவர் கொடுத்த வரையறையைத்தான் இன்று உலகின் பல நாடுகளின் பள்ளிகள் வெவ்வேறு வடிவில் பயன்படுத்துகின்றன. ஸ்வீடிஷ் மொழியில் 1973-இலும் ஆங்கிலத்தில் 1978-இலும் அவருடைய ஆய்வு நூலாக வந்தது.

ஊரெல்லாம் நம்பிய பல விஷயங்களை அவர் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார். அவருடைய வேலையில் மிக மதிப்புள்ள பகுதி இதுதான். கண்ணாடி போட்டதால், குண்டாக இருப்பதால், செம்பட்டை முடியால், பேச்சு வழக்கால் ஒரு பிள்ளை வதைக்கு ஆளாகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். கணக்கெடுத்துப் பார்த்தபோது அப்படி இல்லை. தோற்றத்தில் ஏதோ ஒரு வித்தியாசம் பெரும்பாலான பிள்ளைகளிடம் இருக்கிறது, ஆனால் அவர்கள் எல்லாரும் வதைபடுவதில்லை. வதைபட்ட சிறுவர்கள் பொதுவாக உடல்பலம் குறைந்தவர்களாக, பயந்த சுபாவத்தோடு, கூட நிற்க ஒரு நண்பன்கூட இல்லாதவர்களாக இருந்தார்கள். பெரிய வகுப்பு, பெரிய பள்ளி, பெருநகரம் ஆகியவைதான் காரணம் என்ற நம்பிக்கையும் நிற்கவில்லை. ஆஸ்லோ, பெர்கன், டிரான்ட்ஹெய்ம் போன்ற நகரங்களில் இருந்த அளவு வதை சிற்றூர்களிலும் இருந்தது, சில இடங்களில் கூடுதலாகவே இருந்தது. வதைப்பவன் உள்ளுக்குள் நடுங்கும் கோழை, தாழ்வு மனப்பான்மையை மறைக்கத்தான் அப்படி ஆடுகிறான் என்ற ஆறுதல் பேச்சுக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. அவனுடைய பதற்றம் சராசரி அளவிலோ அதற்குக் கீழோதான் இருந்தது. அந்தச் சிறுவர்களை 24 வயது வரை தொடர்ந்து கவனித்ததில், வதைத்தவர்களில் சுமார் 60 சதவீதம் பேர் ஒருமுறையாவது நீதிமன்றத்தில் தண்டனை பெற்றிருந்தார்கள். கண்டுகொள்ளாமல் விட்டது அவனுக்கும் நல்லது செய்யவில்லை.

1981-இல் ஓல்வேயஸ் ஸ்வீடனில் ஒரு கோரிக்கை வைத்தார். பள்ளியில் சகமாணவரால் திரும்பத் திரும்ப அவமானப்படாமல் இருப்பது ஒரு குழந்தையின் ஜனநாயக உரிமை, அதைச் சட்டமாக்குங்கள் என்றார். அன்று அது நடக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில்தான் ஸ்வீடனும் நார்வேயும் அந்தக் கருத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தன.

இடையில், 1982-இன் இறுதியில், வட நார்வேயில் 10 முதல் 14 வயதுக்குட்பட்ட மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். சகமாணவர்களின் கடுமையான வதைதான் காரணமாக இருக்க வேண்டும் என்று ஒரு செய்தித்தாள் எழுதியது. எண்பதுகளில் ஈழத்தமிழர் பலர் மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்களே, அதே வட நார்வேதான். சிறிய ஊர்கள், ஒருவரையொருவர் நன்றாக அறிந்த மக்கள். அப்படிப்பட்ட ஊர்களில் மூன்று பிள்ளைகளின் வேதனை பெரியவர்கள் கண்ணில் படாமல் போயிற்று என்பது நாட்டை உலுக்கிவிட்டது. கல்வி அமைச்சகம் 1983 அக்டோபரில் நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது. ஓர் அரசாங்கமே முன்வந்து தன் எல்லாப் பள்ளிகளிலும் பகடிவதையை எதிர்த்து இயக்கம் நடத்தியது உலகில் அதுவே முதல் முறை எனலாம்.

பள்ளிகளுக்குக் கொடுக்கப்பட்டவை எளிய பொருட்கள்தான். ஆசிரியர்களுக்கு 32 பக்கக் கையேடு ஒன்று. பள்ளி செல்லும் பிள்ளை உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான்கு பக்க மடிப்பிதழ் ஒன்று. வதைபட்ட பத்து வயதுச் சிறுவன் ஒருவனும் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியும் நாள்தோறும் படும் பாட்டைக் காட்டும் 25 நிமிட வீடியோ. கூடவே, முதலில் சொன்ன வினாத்தாள். பெர்கன் நகரில் மட்டும் ஓல்வேயஸ் தம் குழுவோடு 42 பள்ளிகளில் நேரடியாக இறங்கி, 2,500 பிள்ளைகளை இரண்டரை ஆண்டு கவனித்தார்.

அந்தப் பள்ளிகளில் செய்த மாற்றங்களைக் கேட்டால், இவ்வளவுதானா என்று தோன்றும். இடைவேளையில் பெரியவர்கள் மைதானத்தில் இருக்க வேண்டும் என்பது முதலாவது. ஓல்வேயஸின் கணக்கில் இது மிகத் தெளிவாகத் தெரிந்த உண்மை. வதையில் பெரும்பகுதி பள்ளிக்குப் போகிற வருகிற வழியில் நடக்கவில்லை, பள்ளிக்குள்ளேயே நடந்தது. இடைவேளையில் கண்காணிக்கும் ஆசிரியர்களின் எண்ணிக்கை கூடக் கூட வதை குறைந்தது. மைதானத்தில் நின்றால் மட்டும் போதாது என்றும் அவர் வலியுறுத்தினார். விளையாட்டா வம்பா என்று சந்தேகம் வந்தால், ஆசிரியர் உடனே குறுக்கிட வேண்டும். சந்தேகத்தின் பலன் வதைப்பவனுக்குப் போகக்கூடாது.

இரண்டாவது, வகுப்பிலேயே பிள்ளைகளோடு பேசி ஏற்படுத்தும் விதிகள். யாரையும் வதைக்க மாட்டோம், வதைபடுபவருக்கு உதவ முயல்வோம், தனித்து விடப்படுபவரை வேண்டுமென்றே நம்மோடு சேர்த்துக்கொள்வோம் என்பவை அவற்றின் சாரம். இந்தக் கடைசி விதியை நின்று கவனிக்க வேண்டும். தப்பு செய்யாமல் இருந்தால் போதும் என்று அது விட்டுவிடவில்லை. உணவு வேளையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யார் கூப்பிடுவது என்பதையும் வகுப்பின் பொறுப்பாக்கியது. வாரம்தோறும் அதைப் பற்றிப் பேச வகுப்புக் கூட்டமும் நடந்தது. பிறகு, வதைத்த பிள்ளையிடமும் வதைபட்ட பிள்ளையிடமும் தனித்தனியாகத் தீவிரமாகப் பேசுவது, இரு வீட்டாரையும் அழைத்துப் பேசுவது.

பெர்கன் பள்ளிகளில் வதை பாதியாகவும் அதற்கும் கீழாகவும் குறைந்தது. திருட்டு, பள்ளிப் பொருட்களை உடைப்பது, வகுப்புக்கு மட்டம் போடுவது எல்லாமும் சேர்ந்து குறைந்தன.

அந்தச் செய்தி உலகமெங்கும் போயிற்று. அதே அளவுக்குப் போகாத செய்தி ஒன்று உண்டு. பெர்கனுக்குத் தெற்கே ரோகலாண்ட் மாவட்டத்தில் எர்லிங் ரோலண்ட் என்ற ஆய்வாளர், அதே கையேடும் வீடியோவும் போன பள்ளிகளை மூன்று ஆண்டு கழித்து ஆராய்ந்தார். அங்கே வதை குறையவில்லை, பையன்களிடையே சற்றுக் கூடியும் இருந்தது. பெர்கனில் ஆய்வுக்குழு பள்ளிக்குப் போனது, கணக்கைக் காட்டிப் பேசியது, ஆசிரியர் கேட்டதற்குப் பதில் சொன்னது. ரோகலாண்டுக்குப் பெட்டிதான் போனது, ஆள் போகவில்லை. பள்ளிச் சீர்திருத்தத்தில் அக்கறை உள்ள யாருக்கும் பெர்கனின் வெற்றியைவிட ரோகலாண்டின் தோல்விதான் அதிகம் கற்றுக்கொடுக்கும் என்பது இக்கட்டுரையின் துணிபு. தலைமை ஆசிரியர் அறையில் பிரிக்கப்படாமல் கிடக்கும் சுற்றறிக்கையால் எந்தக் குழந்தையும் காப்பாற்றப்படுவதில்லை.

இன்னொரு சச்சரவும் அந்த நாட்களில் சூடாக நடந்தது. வதைத்தவனிடம் எப்படிப் பேசுவது? நீ செய்தது தெரியும், இன்றோடு நிறுத்து என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும் என்பது ஓல்வேயஸ் கட்சி. ஸ்வீடனின் உப்சாலாவில் இருந்த உளவியலாளர் அனடோல் பிகாஸ் வேறு வழி சொன்னார். சம்பந்தப்பட்ட பையன்களை ஒவ்வொருவராக அழைக்க வேண்டும். குற்றம் சாட்டக்கூடாது. இன்ன பையன் மிகவும் கஷ்டப்படுகிறான் என்று தெரிகிறது, நிலைமையைச் சரிசெய்ய உன்னால் என்ன முடியும் என்று கேட்க வேண்டும். கூட்டத்தில் வீராப்பாக இருப்பவனும் தனியாக உட்கார்ந்தால் தன் சங்கடத்தை ஒப்புக்கொள்வான் என்பது அவர் அனுபவம். இங்கிலாந்தில் தொண்ணூறுகளில் இதே போக்கில், யாரையும் பழிக்காத முறை என்று ஒன்று பரவியது. வதைபட்டவனுக்கு இது அநீதி என்று பெற்றோர் பலர் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பில் நியாயம் இருந்தது.

எல்லாரும் வதைப்பவனையும் வதைபடுபவனையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, சுற்றி நிற்பவர்கள்மேல் முதலில் கவனத்தைத் திருப்பியவர்களில் முக்கியமானவர் பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா சல்மிவல்லி. ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வை அவரும் சகாக்களும் 1996-இல் வெளியிட்டார்கள். வகுப்பில் ஒவ்வொருவரும் இந்த நாடகத்தில் என்ன வேடம் ஏற்கிறார்கள் என்று பிள்ளைகளையே சொல்லச் சொன்னார்கள். வதைப்பவனுக்கு எடுபிடியாக நிற்பவர்கள் இருந்தார்கள். சிரித்தும் கூவியும் உற்சாகப்படுத்துபவர்கள் இருந்தார்கள். ஒதுங்கிப் போகிறவர்களும், வதைபடுபவனுக்காக எழுந்து நிற்பவர்களும் இருந்தார்கள். கால் நூற்றாண்டுக்கு முன் ஹைனமான் சொன்ன கூட்டம் இங்கே திரும்பி வந்தது. ஆனால் இம்முறை அது ஒரே வெறிகொண்ட திரள் இல்லை, தனித்தனி முகமுள்ள பிள்ளைகள்.

இதை அருகிலிருந்து படம் பிடித்தவர்கள் கனடாவில் டெப்ரா பெப்ளரும் வெண்டி கிரெய்கும். டொரண்டோ பள்ளிகளில் பிள்ளைகளின் உடையில் சிறு ஒலிவாங்கியைப் பொருத்தி, கட்டடத்திலிருந்து கேமராவால் மைதானத்தைப் பதிவு செய்தார்கள். பெரும்பாலான சம்பவங்களில் மற்றப் பிள்ளைகள் சுற்றி இருந்தார்கள். அவர்களுடைய நேரத்தில் பாதிக்கு மேல் சும்மா வேடிக்கை பார்ப்பதில் போயிற்று. ஆசிரியர் தலையிட்டது மிக அரிது. பிள்ளைகள் ஐந்தில் ஒரு சம்பவத்தில்தான் குறுக்கே வந்தார்கள். ஆனால் அப்படி ஒரு பிள்ளை வந்து நின்றபோது, பாதிக்கு மேற்பட்ட சந்தர்ப்பங்களில் பத்து விநாடிக்குள் வதை நின்றுவிட்டது.

பத்து விநாடி. ‘ஏய், விடுடா அவனை’ என்று சொல்லி, பக்கத்தில் போய் நிற்க ஆகும் நேரம்.

இந்த அறிவையெல்லாம் சேர்த்துத்தான் பின்லாந்தின் கல்வி அமைச்சகம் 2006-இல் துர்கு பல்கலைக்கழகத்திடம் ஒரு திட்டம் கேட்டது. கிவா என்ற பெயரில் அது உருவானது. பாடவேளைகளில் வேடிக்கை பார்ப்பவர்களிடம் பேசுகிறார்கள். இடைவேளைக் கண்காணிப்பாளர் தொலைவிலிருந்தே தெரியும்படி பளிச்சென்ற மேலங்கி அணிகிறார். பள்ளிக்கு மூன்று பெரியவர்கள் கொண்ட குழு புகார்களை விசாரிக்கிறது. வகுப்பில் நல்ல மதிப்புள்ள இரண்டு முதல் நான்கு பிள்ளைகளை ஆசிரியர் அழைத்து, வதைபடும் பிள்ளைக்குத் துணையாக இருங்கள் என்று கேட்கிறார். ஓல்வேயஸ் வழியா பிகாஸ் வழியா என்ற பழைய வழக்கையும் இங்கே சோதித்தார்கள். சில பள்ளிகள் நேரே கண்டித்தன, சில பள்ளிகள் பழிக்காமல் பேசின. இரண்டிலும் நாலில் மூன்று சம்பவங்களுக்கு மேல் வதை நின்றது, பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முறை எதுவானாலும், ஒரு பெரியவர் உட்கார்ந்து பேசினார், பிறகு மறுபடி கூப்பிட்டு விசாரித்தார். அதற்குத்தான் பலன் கிடைத்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 2009 முதல் நாடு முழுதும் பரப்பியபோது பலன் சோதனைக் காலத்தைவிடக் குறைவாகத்தான் இருந்தது. பரவலாக்கும்போது அக்கறை நீர்த்துப்போவது ரோகலாண்டிலேயே பார்த்த கதைதான்.

நார்வே அடுத்த அடியை அரசியலில் எடுத்து வைத்தது. 2002 செப்டம்பரில் பிரதமர் ஷெல் மாக்னே பொண்டேவிக், ஆசிரியர் சங்கம், பெற்றோர் குழு, உள்ளாட்சிகளின் கூட்டமைப்பு, குழந்தைகள் குறைகேள் அதிகாரி ஆகியோரோடு சேர்ந்து பகடிவதைக்கு எதிரான அறிக்கையில் கையெழுத்திட்டார். குழந்தைகளுக்கென்று அப்படி ஓர் அதிகாரியை 1981-இலேயே உலகில் முதன்முதலாக நியமித்த நாடு அது. கையெழுத்துகள் நம்பிக்கை தந்தன. ஆனால் பிள்ளை வதைபட்டு, பள்ளி மெத்தனமாக இருந்தால் பெற்றோர் எங்கே போவது என்ற கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. முன்னாள் கல்வி அமைச்சர் ஓய்ஸ்டைன் டியூபெடால் தலைமையிலான குழு 2015-இல் கொடுத்த அறிக்கை இந்த ஓட்டையைத்தான் சுட்டியது.

2017 ஆகஸ்ட் முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் அந்த ஓட்டையை அடைத்தது. பள்ளியில் தனக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதில் பிள்ளையின் உணர்வுதான் அளவுகோல் ஆனது. நான் இங்கே நிம்மதியாக இல்லை என்று ஒரு பிள்ளை சொன்னால், ஆதாரம் கொண்டுவா என்று கேட்க முடியாது. ஆசிரியரோ துப்புரவுப் பணியாளரோ, பள்ளியில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் கண் திறந்து பார்க்க வேண்டும், கண்டால் குறுக்கிட வேண்டும், தலைமை ஆசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும். பள்ளி விசாரித்து, என்ன செய்யப்போகிறது, எப்போது, யார் பொறுப்பு என்று எழுத்தில் திட்டம் போட வேண்டும். தலைமை ஆசிரியரிடம் சொல்லி ஒரு வாரம் ஆகியும் நிலைமை மாறவில்லை என்றால், பிள்ளையோ பெற்றோரோ மாகாண ஆளுநர் அலுவலகத்துக்கு நேரே போகலாம். அந்த அலுவலகம் பள்ளிக்கு உத்தரவு போடலாம், கீழ்ப்படியாவிட்டால் நாள் கணக்கில் அபராதமும் விதிக்கலாம்.

எண்பதுகளின் ஆய்வாளர்கள் சகமாணவர்களைப் பற்றியே பேசினார்கள். இந்தச் சட்டம் அவர்கள் பேசாத ஓர் ஆளையும் உள்ளே கொண்டுவந்தது. வதைப்பவர் பள்ளி ஊழியராக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தால், அதைக் கவனித்த சக ஊழியர் உடனடியாகத் தலைமை ஆசிரியரிடம் சொல்லியாக வேண்டும். தலைமை ஆசிரியர் அதைப் பள்ளியை நடத்தும் நகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். சந்தேகம் பள்ளித் தலைமையின்மேலேயே விழுந்தால், ஊழியர் நேராக நகராட்சிக்கே போய்ச் சொல்ல வேண்டும்.